உலகம்மாள் கேட்டு வாங்கிய முகம்

ஜூலை 9, 2024

மோட்டார் மறுபடி மக்கர். காலையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி" என்கிறான். எங்கிருந்து வருகிறானோ, இன்னும் வந்து சேரவில்லை.

மாலையில் சென்னையிலிருந்து கோமதி பேசினாள். என் மகளுக்கு ஒரு விஷயம் தலையில் ஏறிவிட்டால் இறங்கவே இறங்காது. தை மாதம் எனக்கு எழுபது. பீமரத சாந்தி செய்தே தீருவாளாம். அறுபதாம் கல்யாணத்தை அம்மா மூட்டுவலி என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டாள், இந்தத் தடவை விடமாட்டேன் என்கிறாள். கிழவனும் கிழவியும் மறுபடி மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, வீடியோ எடுத்து, ஊருக்குச் சோறு போட்டு... தேவையா? முப்பத்தைந்து வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டியவன் நான். மேடையில் ஏறி உட்காருவதெல்லாம் எனக்கு ஒத்துவராது.

என் வீட்டுக்காரி உலகம்மாள் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நிம்மதியாக இருந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "செய்யட்டும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு வேல இருக்கு."

என்ன வேலை என்று கேட்டேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 14

வேலை என்னவென்று இன்று தெரிந்தது. முகத்தில் ஊசி குத்திக்கொள்ளப் போகிறாளாம்.

"நுணுக்கு நுணுக்கா குத்துவாகளாம். அந்த எடத்துல தோலு புதுசா ஊறி வருமாம். சுருக்கமும் மட்டுப்படுமாம், தழும்பும் மட்டுப்படுமாம். கோமதி எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கா. அறுபதுக்கு மேலயும் செய்யலாமாம்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஏட்டி, ஒன்னய என்ன பொண்ணு பாக்கவா வாராங்க?" என்றேன்.

"ஆமா. நீங்கதான் மாப்பிள. தை மாசம்."

அவளே உள்ளே போய் எங்கள் கல்யாண போட்டோவை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அதில் நான் விறைப்பாக நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பட்டுப்புடவை, ஒரு மாலை, ஒரு உச்சி வகிடு. முகம் இல்லை. குனிந்த தலை நிமிராத பெண் என்று எங்கம்மா அந்தக் காலத்தில் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

"இந்தக் கல்யாணத்துல நான் நிமிந்து நிக்கணும். எல்லாரும் பாக்க. அவ்வளவுதான் எனக்கு" என்றாள்.

ஆறு வயதில் அவளுக்குப் பெரியம்மை போட்டிருக்கிறது. பிழைத்ததே பெரிது. இரண்டு கன்னத்திலும் மூக்கு நுனியிலும் குழி குழியாக நின்றுவிட்டது. எனக்கு அதனால் ஒரு குறையும் தோன்றியதில்லை. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதானே மரியாதை.

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே ஓணான் செத்துக் கிடந்தது.

ஜூலை 22

பாளையங்கோட்டையில் தோல் டாக்டர் ஷமீமாவைப் பார்த்தோம். சின்ன வயசுதான், ஆனால் நிதானமான பெண். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாளா, உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமா, அடிபட்டால் தழும்பு தடித்துப்போகுமா என்று எல்லாம் கேட்டார். விளக்கும் கண்ணாடியும் வைத்து உலகுவின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பளிங்கு மாதிரி ஆக்கித் தாரேன்னு சொன்னா அது பொய்மா" என்றார் டாக்டர். "ஆழமான குழி முழுசா போகாது. மேடு பள்ளம் கொறயும். மெல்லிசான சுருக்கம் கொஞ்சம் கொறயும், தோல் கொஞ்சம் தெளிச்சியா இருக்கும். அதுவும் ஒரே நாள்ல இல்ல. மாசக்கணக்காகும். ஒங்க தோலுதான் வேலை செய்யணும், நான் அத எழுப்பி மட்டும் விடுவேன்."

"எனக்குப் பளிங்கு வேண்டாம் டாக்டரம்மா. நிமிந்தா போதும்."

"வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று டாக்டர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சே, சே. இவுக ஒருநாளும் என் மூஞ்சியப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல" என்றாள் உலகு.

எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் ஏனோ குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

நம்முடைய மாநிறத் தோலுக்குச் சில சமயம் ஊசி பட்ட இடம் கறுத்துப்போகுமாம். அதனால் முதலில் காதுக்குக் கீழே ஓர் ஓரத்தில் மட்டும் குத்திப் பார்த்து அனுப்பினார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. சோதித்துப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பாதவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆகஸ்ட் 5

காதோரம் கறுக்கவில்லை. இன்று முகத்துக்கு.

முதலில் மரத்துப்போகும் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி உட்காரவைத்தார்கள். உள்ளே வர எனக்கு விருப்பமில்லை. "வாங்க, சும்மா நில்லுங்க" என்று உலகு சொன்னதால் போய் நின்றேன்.

கருவி தடித்த பேனா மாதிரி இருக்கிறது. நுனியில் மயிரிழை கனத்தில் ஊசிகள். அது கிர்ரென்று ஓட, டாக்டர் ஒரு கையால் தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மெதுவாக நகர்த்துகிறார். நெற்றியில் லேசாக, கன்னத்தில் அழுத்தமாக, கண்ணோரத்தில் பட்டும் படாமலும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அப்படி ஒரு நிதானம். பொடிப்பொடியாக ரத்தம் துளிர்த்தது. உலகு ஒரு சத்தம் போடவில்லை.

எனக்குத்தான் காது அடைத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் என்னைப் பிடித்து வெளியே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். ஊசி ஒருத்திக்கு, டீ ஒருத்தனுக்கு.

ஆட்டோவில் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். செம்பருத்தி மாதிரி சிவந்து கிடந்தது. "வலிக்குதா?" என்றேன். "வலிச்சாத்தான் என்ன? நானாத்தான போனேன்" என்றாள்.

ஆகஸ்ட் 6

வெயில் படக்கூடாது. அடுப்புச் சூடு ஆகாது. மஞ்சள் கூடவே கூடாது. பவுடர், கடலைமாவு எதுவும் கூடாது. டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும். மஞ்சள் இல்லாமல் ஒரு குளியலா என்று உலகுவே அரண்டுபோனாள்.

சமையல் என் தலையில். ரசம் வைத்தேன். உலகு ஒரு வாய் வைத்துவிட்டு, "வெந்நீர் நல்லா இருக்கு" என்றாள்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. "பேத்தி எடுத்த வயசுல மினுக்குதா பாருன்னு தெருவே சிரிக்கும். என் மானமே போயிரும்" என்கிறாள். எதிர்வீட்டுச் செண்பகம் கேட்டபோது, கண் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகஸ்ட் 9

சிவப்பு வடிந்துவிட்டது. பழைய முகம்தான். ஆனால் நாலு தடவை கண்ணாடி பார்த்துவிட்டாள். என் மனசுக்குள், பாவம், ஏமாறப்போகிறாளே என்று இருந்தது.

செப்டம்பர் 18

இரண்டாவது தடவை. இந்த முறை நான் மயங்கவில்லை. டீ மட்டும் கிடைத்தது.

அக்டோபர் 11

இன்று காலை உலகு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. கன்னத்துக் குழிகளில் எப்போதும் ஒரு நிழல் நிற்கும். அதைக் காணோம். வாயோரத்துக் கோடுகளும் தளர்ந்த மாதிரி இருந்தன. போன வாரம்தான் ஹாலில் பல்பை மாற்றினேன், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் பல்பு எரியவே இல்லை என்று கவனித்தேன்.

"என்ன பாக்கிய?" என்றாள்.

"பேப்பர முடிச்சிட்டியான்னு பாத்தேன்."

நவம்பர் 4

மூன்றாவது தடவை. திரும்பும்போது அடைமழை. ஆட்டோக்காரன் சுற்று வழியில் கூட்டிவந்தான். அவனோடு சண்டை.

டிசம்பர் 12

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. சம்பந்தி வீட்டுக்குத் தென்காசிக்கு நேரில் போய் வைத்தோம். கோமதியின் மாமியார் உலகுவின் மோவாயைத் தொட்டு, "என்ன மைனி, ஒடம்பு தெளிஞ்சிருக்கே, மருந்து கிருந்து சாப்பிடுதியளா?" என்றார். உலகு, "நடக்கேன்" என்றாள். வீட்டிலிருந்து கேட் வரைக்கும்தான் நடக்கிறாள். இப்படிக் கூசாமல் பொய் சொல்வாள் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

டிசம்பர் 26

கடைசித் தடவை. கல்யாணத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் நன்றாக ஆறிவிடும் என்றார் டாக்டர். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். வயதில் சின்னவர் என்றால் என்ன, கையைக் கும்பிட வேண்டியதுதான்.

டிசம்பர் 27

மாட்டிக்கொண்டோம். காலையில் செண்பகம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கொல்லைப்புறமாக வந்திருக்கிறாள். உலகு கிணற்றடி நிழலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் செண்பகம் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றி வாசலுக்கு ஓடி என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அக்காவுக்கு மூஞ்சியெல்லாம் செவசெவன்னு பொடிப்பொடியா கெடக்கே. ஆத்தா எறங்கியிருக்காளா?"

அடடா, என்ன ஒரு வாய்ப்பு! அம்மை என்று சொல்லிவிட்டால் ஒரு பயல் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க மாட்டான். கண் வலி, காய்ச்சல் என்று நூறு பொய் சொல்வதற்குப் பதிலாக இது ஒன்று போதும்.

"ஆமா தாயி. பிள்ளைகள இந்தப் பக்கம் விடாத" என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். உலகுவிடம் சொல்லவில்லை. ஆறியபிறகு சொல்லிச் சிரிக்கலாம்.

டிசம்பர் 28

கேட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறது. செண்பகத்தின் வேலை. உலகு வெளியே வரக்கூடாது என்பதால் பார்க்கவில்லை. சுற்றுச்சுவர் மேல் இளநீரும், தாளிக்காத கூழும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அம்மை கண்ட வீட்டில் அடுப்பில் எண்ணெய் காயக்கூடாதே, அதற்காகச் செண்பகம் கொடுத்துவிட்டது. நான் வாங்கி வந்ததாகச் சொல்லி உலகுவுக்குக் கொடுத்தேன். என் சமையலைவிட நன்றாக இருக்கிறது என்றாள்.

பால்காரன் கூட கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறான். தெருவே அமைதி. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

டிசம்பர் 29

என் மூளையில் மண் விழ.

செண்பகத்தின் தங்கை தென்காசியில், சம்பந்தி வீட்டுத் தெருவில்தான் இருக்கிறாள். அது எனக்கு மறந்தே போயிற்று. சாயங்காலம் கோமதி போன் செய்தாள். உலகு பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். போட்டிருக்கக்கூடாது.

"அப்பா, அம்மாவுக்கு அம்மையாமே? எனக்கு ஏம்ப்பா சொல்லல? அத்த போன் போட்டு ஒரே சத்தம். அம்மை கண்ட வீட்ல ஒரு மாசத்துக்குள்ள நல்ல காரியம் செய்யப்பிடாதுங்காக. அவுக மக வேற மாசமா இருக்கா. யாரும் வரமாட்டாகளாம். எழுபது முடிஞ்சிட்டா அப்புறம் இந்தக் கல்யாணம் கெடையாது, அதனால எம்பதுக்குப் பாத்துக்கலாம்னு சொல்லுதாகப்பா."

உலகு என்னைப் பார்த்தாள்.

"அம்மையா? யாரு சொன்னா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நீங்களா சொன்னீய?"

"நீதான யாருக்கும் தெரியக்கூடாதுன்ன" என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை. எழுந்தாள். முந்தானையால் முகத்தை மூடுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தாள். வெயில் இறங்கியிருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சிவந்த முகத்தோடு உலகு கேட்டைத் திறந்ததும் குடங்கள் கீழே இறங்கின. எல்லாருமே கையெடுத்துக் கும்பிட்டார்கள். செண்பகம் தரையில் விழுந்தே விட்டாள்.

"ஆத்தா, தண்ணி ஊத்துததுக்கு முன்னால வெளிய வரலாமா?"

"எந்திரி செண்பகம். எந்திரிங்கேன்ல."

வேப்பிலைக் கொத்தைக் கேட்டிலிருந்து அவிழ்த்து, மரியாதையாகக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

"ஆறு வயசுல வந்ததுதான் அம்மை. ஆத்தா முத்துப் போட்டிருக்கா, ஆத்தா குடுத்தது, அழப்பிடாதுன்னு சொல்லிச் சொல்லியே என் வாய அடச்சாக. எனக்கு வேணுமான்னு அப்ப யாரும் கேக்கல. நானும் இத்தன வருசம் தலயத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்துட்டேன். இது அம்மை இல்ல. இது ஊசி. டாக்டர்ட்ட போயி நானா குத்திக்கிட்டது. இந்த மூஞ்சி நான் கேட்டு வாங்குனது. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிருங்க. இருபத்தி நாலாந் தேதி வந்து சாப்பிடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. குழாயில் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் மெதுவாக எழுந்து, கிட்டே வந்து, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வலிக்குமாக்கா?"

"மரத்துப்போகக் களிம்பு தடவுவாக. அப்புறமும் கொஞ்சம் சுருக்கு சுருக்குங்கும்."

"என் கண்ணுக்குக் கீழ இந்தக் கருப்பு கெடக்கே, அதுக்கும் ஏதாவது வழி சொல்லுவாகளா?"

"போயிக் கேளு. பொய் சொல்லமாட்டாக."

உள்ளே வந்து சம்பந்திக்கும் அவளே போன் செய்தாள். இதே பேச்சை இன்னும் சத்தமாகப் பேசினாள். அந்தப் பக்கமிருந்து, "அப்ப நடக்கேன் நடக்கேன்னு சொன்னது பொய்யா மைனி?" என்று கேட்டார்களாம். கல்யாணம் நடக்கும். எல்லாரும் வருகிறார்கள்.

தடம் புரண்ட வண்டியில் இரவெல்லாம் காவலுக்கு நின்றவன் நான். எனக்குப் பயம் தெரியாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இன்று ஒரு பெண்பிள்ளை தெருவில் நின்று காட்டினாளே, அது தைரியம். அவள் என் பெண்டாட்டி என்பதில் எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. ராத்திரி என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை.

ஜனவரி 3, 2025

பேச ஆரம்பித்துவிட்டாள். "மண்டைக்குள்ள என்ன வச்சிருக்கிய?" என்பதுதான் முதல் பேச்சு.

ஜனவரி 23

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கோமதி யாரையோ விரட்டிக்கொண்டே இருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டபின் பந்தல்காரனுக்குப் போன் செய்ய மாடிக்குப் போனேன். உலகு அங்கே புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "நாப்பத்திரண்டு வருசமா நீங்க என் மூஞ்சியப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்ல. ஏன்?"

"சொல்லுததுக்கு என்ன இருக்கு? மனசு நோகுமேன்னுதான்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாக்கப் பிடிக்கல, பெரியவுக பேச்சுக்காகக் கட்டிட்டாக, நல்ல மனுசன், வெளிய சொல்லல, அப்படின்னு நெனச்சேன். கேக்கப் பயம்."

இவ்வளவையும் புடவையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் பந்தல்காரன் லைனில் வந்துவிட்டான். நாற்காலிகள் குறைகின்றன என்றான். அதைப் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் கீழே போய்விட்டாள்.

ஜனவரி 24

நடந்துவிட்டது. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், தை மாதக் காலைக் குளிரில் பல் கிட்டியது. பட்டு மாற்றி மேடையில் உட்கார்ந்தோம். எதிரே அத்தனை முகங்கள், வீடியோ விளக்கு, கேமரா. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தாலி எடுத்துக் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கிற பையன், "ஆச்சி, கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, ஐயா கட்டட்டும்" என்றான்.

"குனியமாட்டேன் தம்பி. நீ எடு" என்றாள் உலகு. "வெளக்க இந்தப் பக்கம் திருப்பு."

பந்தலே சிரித்தது. நிமிர்ந்த கழுத்தில், கொண்டைக்கும் மாலைக்கும் நடுவே கையை விட்டு முடிச்சுப் போடுவது என்ன பாடு என்று பட்டவனுக்குத்தான் தெரியும். கட்டி முடித்து முன்னால் வந்து பார்த்தேன். அவ்வளவு வெளிச்சமும் அவள் முகத்தில் விழுந்திருந்தது. குழிகள் ஒன்றிரண்டு இருந்தன. கண்ணோரத்தில் சுருக்கமும் இருந்தது. அவள் எல்லாரையும் ஒருவர் விடாமல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். ஹோமப் புகை என்று சொன்னேன்.

ஜனவரி 27

எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பந்தலைப் பிரித்தாயிற்று. வாழை மரத்தைக் கொல்லையில் இழுத்துப் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

காலையில் அடுப்படி நிலையில் போய் நின்றேன். உலகு மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் சொல்வது சுலபமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

மிக்ஸியை நிறுத்தினாள். "என்ன சொன்னீய?"

"ஒண்ணுமில்ல."

ஜாரைத் திறந்து, சட்னியைக் கிண்ணத்தில் வழித்தாள். ஜாரில் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றினாள். என்னைப் பார்க்கவில்லை. "என்னமோ சொன்னீயளே" என்றாள்.

"நீ அழகா இருக்கன்னு சொன்னேன். இப்ப மட்டுமில்ல. அன்னைக்கு மொத நாளு, எங்கம்மா ஒன் முக்காட விலக்கி மூஞ்சியக் காட்டுனாளே, அப்பவும் எனக்கு அழகாத்தான் இருந்த. ஒருநாளும் பிடிக்காமப் போனதில்ல."

அவள் திரும்பவில்லை. ஜாரை மறுபடி மிக்ஸியில் வைத்து மூடியைப் போட்டு, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவிட்சைத் தட்டினாள். மிக்ஸி பெரிய சத்தம் போட்டு ஓடியது. ரொம்ப நேரம் ஓடியது. ஜாருக்குள் ஒன்றுமே இல்லை.